பழைய காரின் விலையும் புத்தகத்தில் இருந்த பெயரும்

நம் கம்பனியின் மதிப்பீட்டுத் தாளில் முதல் வரி ஏன் அப்படி இருக்கிறது என்று போன வாரம் உங்களில் ஒரு பிள்ளை கேட்டாள். காரின் வயதைக் கேட்பதற்கு முன்னால், ஓடிய மைலைக் கேட்பதற்கு முன்னால், இரண்டே கேள்விகள்: "காரின் பதிவுப் புத்தகத்தில் யார் பெயர்? இப்போது காரை வைத்திருப்பவர் யார்?" அந்த வரியை எழுதச் சொன்னவன் நான்தான். மற்ற வரிகளை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள், அதில் மட்டும் கை வைக்காதீர்கள். ஏன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. உட்காருங்கள், தேத்தண்ணி வரச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது நீங்கள் ஃபோனை எடுத்து, அதே மாதிரிக் கார் வேறு எங்கே என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு, அதிலிருந்து கொஞ்சம் கழித்து எழுதிவிடுகிறீர்கள். தப்பென்று சொல்ல மாட்டேன். எங்கள் காலத்தில் ஒரு பழைய காரின் விலையை அந்தக் காரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கேட்டால் அது சொல்லும். மீட்டரில் மைல் குறைவாக இருக்கும், ஆனால் கிளட்ச் மிதியின் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருக்கும். அப்போது மீட்டர் பொய் சொல்கிறது என்று அர்த்தம். இதைக் கண்டுபிடித்த பெருமையில் நான் ஒரு வருஷம் மிதந்தேன். பிறகு ஒரு மகராசன் புது ரப்பர் போட்டுக்கொண்டு வந்து என்னை நன்றாக ஏமாற்றிவிட்டுப் போனான். அதற்குப் பிறகுதான் பழைய காரில் புது ரப்பரைக் கண்டால் சந்தேகப்படக் கற்றுக்கொண்டேன். எனக்கு இந்த வேலையில் பிடித்ததே இந்தத் துருவல்தான். எந்தக் காரைப் பார்த்தாலும், இதை யார் ஓட்டினார், எங்கே போனார், ஏன் விற்கிறார் என்று மனசு குடையும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. ஒரு நாள் பரமநாதன் ஐயா தன் காரோடு எங்கள் கண்டி அலுவலகத்துக்கு வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பேராதனை வீதியில் வீடு. கண்ணில் படலம் விழுந்து இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் காரை விற்க வந்திருந்தார். நான்கு கதவு ஜப்பான் கார், பால் நிறம், வயது பதினைந்துக்கு மேல்.

"பாரும் தம்பி. ஒண்டும் ஒளிக்கேல்லை, எல்லாம் கண்ணுக்கு முன்னால கிடக்கு" என்றார்.

ஒளிக்காத கார் என்று ஒன்றை அதுவரை நான் பார்த்ததில்லை. ஆசையோடு இறங்கினேன். கதவுகள் நான்கும் ஒரே சத்தத்தில் மூடின. மீட்டரும் மிதியும் ஒத்துப்போயின. ஆனால் ஒரு விஷயம் விளங்கவில்லை. பொதுவாக டிரைவர் சீட்தான் முதலில் தேயும். இந்தக் காரில் பின்னால், இடது பக்க சீட் அதைவிட நைந்திருந்தது. கால் வைக்கும் இடத்தில் கம்பளத்தில் ஒரு ரூபாய்க் குற்றிக் காசு அளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை. சிகரெட் சுட்டதா என்று பார்த்தேன், இல்லை. சுட்ட இடம் கருகியிருக்கும், இது தேய்ந்திருந்தது.

கம்பளத்தைத் தூக்கினேன். அடியில் தளம் துருப்பிடித்து, அதன்மேல் பிஸ்கட் டின் தகடு ஒன்றை வெட்டி அடித்திருந்தார்கள். தகடு தட்டி ஒட்டுகிற எந்த டிங்கரும் அப்படி வேலை செய்ய மாட்டான். பதினொரு ரிவிட் ஆணி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மயிரிழை பிசகாத இடைவெளி. பத்து ரிவிட் வெள்ளை, கடைசி ஒன்று பித்தளை.

"இது யார் செஞ்சது ஐயா?"

"நான்தான். பத்தோட முடிஞ்சுபோச்சு, கடைசிக்கு வீட்டில கிடந்த பித்தளையைப் போட்டன்."

பிறகு சொன்னார். அவருடைய மனைவிக்கு ஒரு கால் சரியில்லை, கைத்தடி ஊன்றி நடப்பவர். வாரம் தவறாமல் ஆஸ்பத்திரிக்கு அந்த சீட்டில்தான் வைத்துக் கூட்டிப்போவார். தடியின் நுனி ஒரே இடத்தில் ஊன்றி ஊன்றிக் கம்பளம் தேய்ந்திருக்கிறது, மழை நாளில் தடியிலும் குடையிலும் வடிந்த தண்ணீர் இறங்கித் துரு வந்திருக்கிறது. எனக்கு அந்தக் காரின் மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது. ஒரே ஒரு குறைதான் கண்டேன். பிரேக் மிதியை அழுத்திப் பிடித்தால் அது மெல்ல மெல்லக் கீழே போனது. மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது, வாங்குபவர் உடனே மாற்ற வேண்டும் என்று தாளில் எழுதினேன்.

விலை போட உட்கார்ந்தபோது கெலிஓயா நசீர் நானா வந்து சேர்ந்தார். பழைய கார் வாங்கி விற்கும் தரகர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் அண்ணன் முறை வைத்து நானா என்பேன், வாரத்தில் மூன்று நாள் எங்கள் வாசலில்தான் நிற்பார். காரைச் சுற்றி வந்தார், புத்தகத்தைத் திறந்து பார்த்தார், என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கார் தங்கம். ஆனா புத்தகத்துல பேரு யாழ்ப்பாணப் பேரு. இந்த நாளையில அது கொஞ்சம் இடிக்கும் சேவியர். விலைய எறக்கிப் போடுங்க, இல்லாட்டி ஒடனே பேர மாத்தித் தரச் சொல்லுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எண்பத்து மூன்று ஜூலையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு எரிந்துபோன வாகனங்களை மதிப்பிட என்னைத்தான் அனுப்பினார்கள். எரிந்த கூடுகளின் முன்னால் தாளையும் பேனாவையும் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரே வரிசையில் ஒரு கார் கருகிக் கிடக்கும், பக்கத்து வீட்டுக் கார் தூசிகூடப் படாமல் நிற்கும். பெயரைப் பார்த்து எரித்திருந்தார்கள். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டைப் பக்கத்து வீட்டு சிங்களக் குடும்பம் மறைத்து நின்றதால் நாங்கள் தப்பினோம். அன்று நான் மனசுக்குள் எடுத்த முடிவு, ஒரு நாளும் பெயருக்கு விலை போட மாட்டேன் என்பது.

"பேருக்கெல்லாம் நான் விலை போடுறதில்ல நானா. காருக்குத்தான் போடுவேன்" என்றேன். அவர் கையை விரித்தார்.

அந்தக் கோபத்தோடு நான் இன்னொன்றும் செய்தேன். நம் தொழிலில் ஒரு பழக்கம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். புத்தகத்தில் ஒரே பெயர் இருந்தால், முதல் சொந்தக்காரர் கையிலிருந்தே வருகிற கார் என்று விலை ஏறும். பெயர்கள் கூடக் கூட விலை இறங்கும். அதனால் விற்பவர் பெயர் மாற்றப் படிவத்தில் கையெழுத்தை மட்டும் போட்டு, வாங்குபவர் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுப்பார். கார் நாலு கை மாறினாலும் புத்தகத்தில் பழைய பெயர்தான் இருக்கும். ஓபன் பேப்பர் என்று சொல்வோம். பரமநாதன் ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை. அளந்து கல் நட்டுப் பழகிய மனுஷன், வெறுமையாக ஓரிடத்தை விட்டுக் கையெழுத்துப் போட அவர் கை வரவில்லை.

"ஐயா, பேர் கூடினா விலை குறையும். ஓபனா வச்சுக் கொடுங்க, ஒங்களுக்குத்தான் நல்லது" என்று அடித்துச் சொன்னவன் நான். அவர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். நல்ல விலைதான் கிடைத்தது. நசீர் நானா காரை எடுத்துக்கொண்டு போனார்.

எட்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, அலுவலகப் படிக்கட்டில் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. யாரோ ஒரு அம்மா கைத்தடியோடு ஏறி வருகிறார். முன்பின் பார்த்ததில்லை, ஆனால் அந்தத் தடியின் நுனியைக் கண்டதும் யாரென்று தெரிந்துவிட்டது.

"தம்பி, இவரைப் பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போட்டுது. கார் சென்ட்ரியில நிக்காமல் ஓடினதாம். நாங்கள் வித்துப் போட்டம் எண்டு சொன்னாலும் கேக்கினமில்லை."

விஷயம் இதுதான். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துச் சென்ட்ரியில், அதாவது இராணுவச் சோதனைச் சாவடியில், ஒரு மாலை நேரம் கை காட்டியும் ஒரு கார் நிற்காமல் போயிருக்கிறது. சிப்பாய் நம்பரைக் குறித்திருக்கிறான். நம்பர் பரமநாதன் ஐயாவுடையது. போதாததற்கு, புத்தகப்படி கார் பால் நிறம், சிப்பாய் கண்டது நீல நிறம். களவு நம்பர் போட்ட கார் என்று பொலிஸ் நினைத்தது. யாழ்ப்பாணப் பெயர், நிற்காத கார், மாறிய நிறம். அந்த நாட்களில் ஒருவரை மாதக்கணக்கில் உள்ளே வைக்க இதில் பாதியே போதும். காரைக் கையில் வைத்திருப்பவர் வந்து "என்னிடம்தான் இருக்கிறது" என்று சொன்னாலொழிய அவர் வெளியே வர வழியில்லை.

அந்த அம்மாவைக் கதிரையில் உட்கார வைத்துவிட்டு கெலிஓயாவுக்கு பஸ் ஏறினேன்.

நசீர் நானா என்னைக் கண்டதும் கடைக்குள் இழுத்துக்கொண்டு போனார். "பொலிஸ் இங்கயும் வந்திச்சு. ஞாபகம் இல்லண்டு சொல்லிட்டன்."

"ஞாபகம் இல்லையா? ஒரு மனுஷன் உள்ள கெடக்குறாரு நானா."

"எனக்கும் புள்ளகுட்டி ஈக்கி சேவியர். அண்டைக்கே சொன்னேனே, அந்தப் பேரு இடிக்கும்னு. நீங்கதான் கோவிச்சிக்கிட்டீங்க."

வெட்கமாக இருந்தது. அவர் என் கண்ணைப் பார்க்காமல், கார் கம்பளையில் ஒரு பேக்கரி முதலாளிக்குப் போனது என்று மட்டும் சொன்னார். பிரேக் கசிவதை அவரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னேனோ இல்லையோ என்று தலையைச் சொறிந்தார்.

மறுநாள் கம்பளை. பேக்கரி முதலாளி ஒரு சிங்களவர், நல்ல மனுஷன். பாண் வேனுக்கு அடித்து மீதியான நீலப் பெயின்ட்டைக் காருக்கும் அடித்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். நிறம் மாறிய மர்மம் அவ்வளவுதான். நிறம் மாற்றியதைப் புத்தகத்தில் பதிய வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. பிறகு திகனையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் பாரூக் ஹாஜியாருக்கு அதைக் கொடுத்துவிட்டு ஒரு சின்ன லொறியை மாற்றாக எடுத்திருக்கிறார். பிரேக் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் யாருக்கும் சொல்லவில்லை. பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்ததால் கார் கை மாறியது, காரோடு போக வேண்டிய ஒரு வார்த்தை மட்டும் என் தாளிலேயே நின்றுவிட்டது.

திகனைக்குப் போகும்போது நன்றாகவே பயந்தேன். பொலிஸ் தேடும் காரைப் பற்றி ஒரு தமிழன் ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு திரிகிறான் என்று யாராவது சொன்னால் போதும், பரமநாதன் ஐயாவுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு பாய் விரித்துவிடுவார்கள்.

பாரூக் ஹாஜியாருக்கு அறுபது வயதிருக்கும். கடைக்குப் பின்னால் வீடு. முற்றத்தில் தார்ப்பாய் போட்டு ஒரு கார். தார்ப்பாய்க்குக் கீழே நீலம் தெரிந்தது, நம்பர் தகடு இரண்டும் இல்லை.

"அது வேற கார் தம்பி. என்ட மருமகன்ட" என்றார். உதடு காய்ந்திருந்தது.

"கொஞ்சம் பார்க்கலாமா ஹாஜியார்? நான் கார் விலை போடுறவன், பழக்கதோஷம்."

அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் பின் கதவைத் திறந்துவிட்டேன். சீட் துணி புதுசு, மிதிக்கும் பாய் புதுசு. கம்பளத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. வட்ட ஓட்டை அங்கேயே இருந்தது. தூக்கினேன். விரலால் தொட்டு எண்ணினேன். பதினொன்று, கடைசி பித்தளை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியே நின்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு முதியவர் நாலு நாளாக உள்ளே இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது. தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஓடல்ல தம்பி. அல்லாஹ் மேல ஆணையா ஓடல்ல. பிரேக் மிதிச்சன், கால் அப்படியே கீழ போயிட்டுது. பாலத்தத் தாண்டித்தான் வேகம் கொறஞ்சிச்சு. திரும்பிப் போய்ச் சொல்ல பயமா ஈந்திச்சு. இப்ப போனா என்னயும் உள்ள போட்ருவானுகள்."

திரைக்குப் பின்னாலிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. "அந்த மனிசர்ட பொஞ்சாதி எங்க ஈக்கிறா?"

"வீட்டுல தனியா இருக்காங்க. கால் ஏலாது, தடி ஊனித்தான் நடப்பாங்க."

அடுத்த வார்த்தை ஹாஜியாருக்கு வந்தது. "நீங்க போங்க. நான் துஆ கேட்டுக்கிட்டு ஈக்கிறன்" என்றது குரல். ஹாஜியார் எழுந்து போய், அரிசி மூட்டைக்குள்ளிருந்து நம்பர் தகடுகளை எடுத்துக்கொண்டு வந்தார்.

இங்கேதான் யோசிக்க வேண்டியிருந்தது. ஹாஜியார் பிரேக்கைச் சரி செய்துகொண்டு புறப்படலாம் என்றார். கூடாது என்றேன். மிதி கீழே போவதுதான் அவருக்கு இருக்கிற ஒரே சாட்சி. அதைச் சரி செய்தால், நிற்கக்கூடிய காரை நிறுத்தாமல் போனவர் என்று ஆகிவிடும். முதலில் நானே ஏறி அழுத்திப் பார்த்தேன். மிதி பிடித்திருந்தால் பொய்யாக ஒரு தாள் எழுதியிருப்பேனா என்று தெரியாது, நல்லவேளையாக அது தரையைத் தொட்டது. ஆக, பிரேக் இல்லாத காரை அப்படியே கண்டிப் பொலிஸுக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் தென்னக்கும்புறப் பாலத்தில் இன்னொரு சென்ட்ரி வேறு இருக்கிறது. அதிலும் நிற்காமல் போனால் இந்த முறை சுட்டுவிடுவார்கள்.

ஹாஜியாரின் கடையில் இருந்த இன்னொரு லொறியை முன்னால் விட்டு, அதன் பின்பக்கத்தில் ஒரு பழைய டயரைக் கட்டினோம். கார் நிற்காவிட்டால் போய் டயரில் முட்டிக்கொள்ளும். நான் முதல் கியரில், ஹேண்ட் பிரேக்கில் கை வைத்தபடி ஓட்டினேன். ஹாஜியார் பக்கத்தில் உட்கார்ந்து ஓதிக்கொண்டே வந்தார், நான் என் பங்குக்கு மாதாவைக் கூப்பிட்டேன். எங்களுக்குப் பின்னால் பஸ்களெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டின. பாலத்துக்கு வெகுதூரம் முன்னாலேயே லொறி டிரைவர் இறங்கி, இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு சிப்பாயிடம் நடந்தான். "பிரேக் நே மஹத்தயா, பிரேக் நே" என்று, பிரேக் இல்லை ஐயா என்று அவன் சிங்களத்தில் கத்தியது எங்களுக்குக் கேட்டது. சிப்பாய் எங்களையும் டயரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு பாலம் முழுவதும் எங்களோடு நடந்தே வந்தான். என் சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

பொலிஸ் நிலையத்தில் பெரிய அதிகாரி தானே காரில் ஏறி மிதியை அழுத்தினார். கால் தரைக்குப் போனதும் புருவத்தைத் தூக்கினார். காரில் பொறித்திருந்த சேசிஸ் நம்பரைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். எட்டு மாதத்துக்கு முன் பிரேக்கைப் பற்றி நான் எழுதிய தாளின் பிரதியைக் கொடுத்தேன், அதையும் படித்தார். பிறகு வெறுமையாக இருந்த பெயர் மாற்றப் படிவத்தை மேசையில் போட்டு, தன் பேனாவையே ஹாஜியாரிடம் நீட்டி, "பெயரை எழுது" என்றார். ஹாஜியார் எழுதினார். இப்படி வெறும் படிவத்தோடு கார் விற்பவர்களையெல்லாம் உள்ளே போட வேண்டும் என்று அதிகாரி சிங்களத்தில் திட்டித் தீர்த்தார். அந்தப் புத்தியைச் சொன்னவன் நான்தான் என்று அப்போது நான் சொல்லவில்லை. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிக்கொண்டு வருகிறேன்.

சாயங்காலம் பரமநாதன் ஐயாவை விட்டார்கள். நாலு நாள் தாடி, கண்ணாடியில் ஒரு பக்கம் கீறல். நான் ஆட்டோவில் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போனேன். குளத்தடி தாண்டியதும் அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"நீல நிறம் எப்படி இருக்குது?"

"கேவலமா இருக்குங்க ஐயா."

"ரிவிட்?"

"பதினொன்னும் அப்படியே இருக்கு."

திருப்தியாகத் தலையை ஆட்டினார். எனக்கு அடக்க முடியவில்லை. "ஐயா, என்னை மன்னிச்சிருங்க. ஓபனா வைக்கச் சொன்னது நான். பொலிஸ்காரங்க அதைக் கேட்கலியா?"

"கேட்டவங்கள். ஆர் உமக்கு இந்தப் புத்தி சொன்னது எண்டு நாலு நாளும் அதைத்தான் கேட்டவங்கள்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஞாபகம் இல்லையெண்டு சொன்னன்." கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "பேர் கூடினா விலை குறையும் எண்டு நீர்தானே சொன்னனீர் தம்பி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டு அழுதேன். வீட்டு வாசலில் அந்த அம்மா தடியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார்.

அடுத்த நாள் காலையில் அலுவலகம் போனதும் நான் செய்த முதல் வேலை, தட்டச்சு செய்யும் பிள்ளையிடம் மதிப்பீட்டுத் தாளின் மேலே ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னதுதான்.